ரங்கூனும் எளாவூரும் இருக்கிற வீடு

எங்கள் வீட்டில் பரண் கிடையாது, ரங்கூன்தான் உண்டு. கட்டிலுக்கு அடியில் இருப்பதும் டிரங்குப் பெட்டி இல்லை, எளாவூர். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேறு எந்த வீட்டில் சாமான் வைக்கிற இடத்துக்கெல்லாம் இப்படிப் பேர் சூட்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள், காட்டுங்கள் பார்ப்போம். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒரு விஷயம் கையில் இருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார எனக்கு வராது.

நான் இந்தக் கரையில் பிறந்தவள் இல்லை. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில், நெல் விளைகிற ஊர்க்காரி. கல்லூரியில் தமிழ் படித்தேன். கல்லூரிக்குப் போன ரயிலில் ஒருவரைப் பார்த்து, பேசி, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் குப்பத்துக்கு வந்தேன். அவர் அப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு, நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது என்று வேலையை விட்டுவிட்டு வலைக்கே திரும்பிவிட்டார்.

வந்த புதிதில் அவருடைய அம்மா, என் அத்தை, ஏதாவது எடுத்து வரச் சொன்னால் நான் முழித்துக்கொண்டு நிற்பேன். "ரங்கூன்ல வெங்காயம் கீது பாரு" என்பார். "எளாவூரத் தொறந்து ஊசிய எடு" என்பார். டார்ச் லைட் லைட்டவுசில் இருக்கும். அவருக்கு அதெல்லாம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. எனக்கோ சொந்த வீட்டில் உப்பு இருக்கிற இடம் தெரியவில்லையே என்று அழுகையாக வந்தது.

ஆனால் நான் தமிழ் படித்தவள் ஆயிற்றே. சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? அலமாரியும், அதைத் திறக்கிற சாவியும், பக்கத்தில் இருக்கிற ஜன்னலும் போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். எந்தக் கரையில் இறங்கின என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்தக் கப்பல்கள் வந்து நின்ற துறைகளில் ஒன்று பழவேற்காடு. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற தண்ணீர்தான் அது. சென்னை என்று ஓர் ஊர் தலையெடுப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் சாவி என்று சொல்லியிருப்பார்கள் என்பது என் கணக்கு. ஆதாரம் கேட்காதீர்கள், கோபம் வரும்.

இதை ஒருநாள் மீன் அரிந்துகொண்டே அத்தையிடம் சொன்னேன். கிடங்கு என்கிற நம்முடைய சொல்தான் கப்பலேறி, கீழைக்கடல் துறைகளெல்லாம் சுற்றி, வெள்ளைக்காரன் வாயில் புகுந்து, குடோன் என்று திரும்பி வந்திருக்கிறது என்கிறார்கள் என்றும் சொன்னேன். அத்தை கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"போன பொருளு திரும்பி வந்துச்சா? சோக்கா கீதே! எங்க வூட்ல போன ஆளே திரும்பி வரல."

அப்படித்தான் ரங்கூன் கதை வெளியே வந்தது. அத்தையின் மாமனாருக்கு அப்பா ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாராம். கடுதாசி வந்தது, பணம் வந்தது, அப்புறம் இரண்டும் நின்றுபோயின. கடைசியில் யாரோ ஒருவர் ஒரு தேக்குப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஆள் வரவில்லை, பெட்டி வந்தது. வெறும் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அழுவதைவிட உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று அதைப் பிரித்துப் பலகையாக்கிக் குடிசையில் பரண் போட்டார்கள். குடிசை போய் ஓட்டு வீடு வந்தது. ஓட்டு வீடு போய் இந்தக் கான்கிரீட் வீடு வந்தது. மேஸ்திரி சிமெண்டில் லாஃப்ட் வைத்துக் கொடுத்தும் அத்தை கேட்கவில்லை. அதன்மேல் அந்தத் தேக்குப் பலகைகளைப் பரப்பிய பிறகுதான் பால் காய்ச்சினாராம்.

"பரண்னு எல்லா வூட்லயும்தான் கீது. நம்ம வூட்டு ஆளு போன ஊரு அது. பேர் சொல்லாம வுட்டா போனவரு போனவராவே போயிடுவாரு" என்றார்.

அன்றைக்கே எனக்கு இந்த வீட்டின்மேல் ஆசை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் விடவில்லை. வேலைக்கு நடுவில், பஸ்சுக்கு நிற்கும்போது, தலைவாரும்போது என்று ஒவ்வொரு பேரையும் துருவித் துருவிக் கேட்டேன். எளாவூர் என்பது என் மாமனார் வைத்த பேர். எல்லை தாண்டி ஆந்திராவுக்குக் கருவாடு ஏற்றிப்போன காலத்தில் எளாவூர் செக்போஸ்டில் ஒரு கூடை விடாமல் திறந்து பார்ப்பார்களாம். அவங்க வேலை அது என்று மாமனார் பொறுமையாக நிற்பாராம். ஆனால் வீட்டுக்கு வந்தால் அத்தையும் அவர் சட்டைப்பை, துணிப்பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து, வேண்டியதை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். "எளாவூரத் தாண்டினாலும் இந்த எளாவூரத் தாண்ட முடியலியே" என்று மாமனார் தலையில் கைவைத்துக்கொண்டாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேர் நிற்கிறது. சுவரில் இருக்கிற மாடம் லைட்டவுஸ். காற்றில் அணையாமல் விளக்கு எரிந்த இடம், இப்போது டார்ச்சும் போன் சார்ஜரும் இருக்கின்றன. கொல்லையில் நிற்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்குப் பேர் மீஞ்சூர். என் வீட்டுக்காரர் கம்பெனியை விட்டு வந்தபோது அங்கே விலைக்கு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு வந்தது.

இந்த வீட்டில் வலையை ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். அதுவும் அத்தை போட்ட சட்டம். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் கேட்காமலே முழு வலையையும் எடுத்துப்போய், கிழித்துக் கொண்டுவந்து போட்டாராம். அன்றிலிருந்து வலை ரங்கூனில், ஈயம் கோத்த அடிக்கயிறு எளாவூரில், மிதவைகள் மீஞ்சூரில், மடி தனியாக ரங்கூனின் இன்னொரு மூலையில். மடி என்பது வலையின் கடைசியில் கட்டுகிற பை. இறால் வந்து சேருகிற இடம் அதுதான். மடி இல்லாவிட்டால் வலை வெறும் வேலி. "நாலு எடத்துல வெச்சா நாலு எடம் தெரிஞ்சவதான் எடுக்க முடியும்" என்பார் அத்தை. அந்த நாலு இடத்தையும் நான் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன். யாரும் எனக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

இதெல்லாம் இருந்தும் குப்பத்தில் எனக்குப் பேர் நெல்லுக்காரிதான். தண்ணிக் குழாயடியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அதுதான். கிண்டலுக்குச் சொன்னார்கள், வன்மம் கிடையாது. ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

ஒரு வருஷம், மழைக்குப் பிறகு முகத்துவாரம் நன்றாகத் திறந்து, ஏரிக்குள் இறால் ஏறியிருந்த நேரம். ஏரியில் நல்ல இறால் விழுகிற இடங்கள் சிலதான், அவை யாருக்கும் சொந்தமில்லை. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு விழுந்த வீட்டுப் படகு, பொழுது இறங்குவதற்குள் தன் இடத்தில் கம்பு ஊன்றிவிட வேண்டும். ஊன்றாவிட்டால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கெஞ்சலும் கிடையாது, சண்டையும் கிடையாது. சாவு விழுந்த வீடு தண்ணீரில் இறங்காது, அவர்கள் முறை அடுத்த வீட்டுக்கு வந்துவிடும். அந்த வருஷம் எங்களுக்கு இருந்ததிலேயே நல்ல இடம் விழுந்திருந்தது. எங்கள் நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று நம்பி அத்தை கண் ஆபரேஷனுக்குப் பொன்னேரி போயிருந்தார், கூடத் துணைக்கு அவர் தங்கை, என் சின்ன அத்தை. என் வீட்டுக்காரர் படகுக்குச் சாமான் வாங்கக் காசிமேடு போயிருந்தார். நான் மட்டும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாய்ந்த பிறகு, படகில் எங்களோடு கூட்டாக இருக்கிற இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவர்தான் பேசினார்.

"தங்கச்சி, நம்மளுக்கு முன்னாடி பாடு வுழுந்த வூட்ல பெரியவரு செத்துப் பூட்டாரு. பாடு உங்க வூட்டுக்கு வந்துட்ச்சு. இன்னிக்கே, இப்பவே. வலையக் குடு."

வீட்டு மனுஷி தன் கையால் வலையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது இங்கே வழக்கம். எப்போதும் அத்தைதான் கொடுப்பார். சின்ன அத்தைக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"ட்ரெய்ன்ல கீறேன், பொழுதுக்குள்ள வர முடியாது. எல்லாம் ரங்கூன்ல கீது, எட்த்துக் குடு" என்றார்.

"எல்லாம் ரங்கூன்லயா? ஒங்க வூட்ல எது எங்க கீதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். ஆண்களுக்குத் தண்ணீருக்கு அடியில் எங்கே சேறு, எங்கே மணல் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சொந்த வீட்டில் எது எங்கே என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

ஏணி போட்டு ரங்கூனில் ஏறி வலையை இறக்கினேன். எளாவூர்ச் சாவியை அத்தை லைட்டவுசில் வைத்துவிட்டுப் போயிருந்தார். திறந்து அடிக்கயிற்றை இழுத்துப் போட்டேன். மீஞ்சூரைக் கவிழ்த்து மிதவைகளைக் கொட்டினேன். கூட்டாளிகள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை வந்திருந்தது, பொய் சொல்வானேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மடியைத் தேடினேன்.

மடி இல்லை. வழக்கமாக அது ரங்கூனின் மூலையில், பழைய வேட்டியில் சுற்றி இருக்கும். அங்கே வேட்டி மட்டும் இருந்தது. எளாவூரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், கட்டிலைத் தூக்கினேன், கொல்லையில் கிடந்த கோணிகளை உதறினேன். எங்கேயும் இல்லை.

மூத்தவர் மேற்கே பார்த்தார். "தங்கச்சி, அடுத்த வூட்டுக்காரங்க கரையில நிக்கிறாங்க. பாவம், அவங்களத் தப்பு சொல்ல முடியாது. மடி இல்லன்னா சொல்லிடு. பாட்டை வுட்டுடலாம்."

விடுவதா? சீட்டு மறுபடி சுற்றி எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் இறால் காலமே முடிந்துவிடும். அந்த வருஷத்துக்கு அந்த வீடு நம்பியிருந்தது அந்த ஒரு பாட்டைத்தான். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. நெல்லுக்காரி வந்தாள், வீட்டுப் பாடு போயிற்று என்று குழாயடியில் பேசுவார்கள். நான் செத்தாலும் அந்தப் பேச்சு சாகாது. கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

நடு வீட்டில் நின்று யோசித்தேன். போன வருஷம் ரங்கூனில் எலி புகுந்து மடியைக் கடித்துவிட்டது. இறால் வாசனை போகாத நூல், எலி விடுமா? அத்தை இடுப்பு ஒடிய உட்கார்ந்து ஒவ்வொரு வலைக்கண்ணாகக் கோத்தார். இந்த வருஷமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற வரைக்கும் சரியாகத் தெரியாத கண்ணோடு அதைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே எலி வாய்க்கு எட்டாத எடத்துலதான் இத வெப்பேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் எலி வாய்க்கு எட்டாத இடம் எது? ரங்கூனுக்கு எலி ஏறும், பெட்டியின் மூலை துருப்பிடித்து ஓட்டை, டிரம்முக்கு மூடியே கிடையாது.

அப்போதுதான் அடுப்படி மூலையைப் பார்த்தேன்.

அங்கே ஒரு தகரக் குதிர் நிற்கிறது. கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தது. கொடுத்தபோது, "நம்ம பொண்ணு போற வூட்ல நெல்லுக்குக் கொறையிருக்கக் கூடாது" என்று கண் கலங்கினார். இந்த வீட்டில் நெல் எங்கே? மூட்டையாக அரிசி வாங்குகிற வீடு. வந்த நாளிலிருந்து அந்தக் குதிரின் தலையில் தண்ணீர்க் குடம் ஏறி உட்கார்ந்துவிட்டது. என் அப்பா ஆசையாகக் கொடுத்ததைக் குடம் வைக்கிற மேடையாக்கிவிட்டார்களே என்று எனக்கு மனசுக்குள் பொருமல். அத்தையிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

நெல் விளைகிற ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? குதிர் என்றாலே எலிக்கு எதிராகச் செய்தது. அடியில் இடுக்கு இருக்காது, விளிம்பு மடித்திருக்கும், மூடி அழுந்தப் பிடிக்கும். எங்கள் ஊர்த் தச்சுப்பட்டறையிலும் தகரப்பட்டறையிலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குடத்தை இறக்கி வைத்தேன். மூடி லேசில் வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினேன்.

உள்ளே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, மடியை மடித்து வைத்திருந்தார் அத்தை. ஓரிடத்தில்கூடப் பல் படவில்லை. அதற்கு அடியில் இன்னொரு துணியில் மாமனாரின் போட்டோ, அத்தையின் கல்யாணப் புடவை, இந்த வீட்டின் பட்டா. வீட்டில் விலைமதிப்பானது என்று என்னென்ன இருந்தனவோ அத்தனையும் என் அப்பா கொடுத்த குதிருக்குள் இருந்தன.

நின்று பார்க்க நேரமில்லை. மற்றதைக் கூட்டாளிகள் தூக்கிக்கொள்ள, நான் மடியை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. வழக்கப்படி முதலில் மடி, அப்புறம் வலை, அப்புறம் கயிறு என்று என் கையால் படகில் எடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் சத்தம் தூரத்தில் நின்றது. தண்ணீரின்மேல் வெயில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே எங்கள் வீட்டுக் கம்பு ஊன்றியாயிற்று. அடுத்த வீட்டுக்காரர் தன் படகைத் திருப்பிக் கட்டிவிட்டு வந்து, "சரியான ஆளுமா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இறால் நன்றாகவே விழுந்திருந்தது. அதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை, அது ஏரி கொடுத்தது. அத்தை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கண்ணில் கட்டு. வாசலிலேயே நின்றார்.

"சாவு விழுந்துச்சாமே. பாடு நம்மளுக்கு வந்துச்சா? போச்சா?"

"போகல அத்தே. நேத்தே ஊனியாச்சு."

"மடி?"

"எடுத்துக் குடுத்தேன்."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எப்டிமே கண்டுபுட்ச்ச? அனுப்பம்பட்டுல வெச்சது யாருக்கும் தெரியாதே."

அனுப்பம்பட்டு நான் பிறந்த ஊர். அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டு, மறுபடி அத்தையைப் பார்த்தேன்.

"இன்னா அப்டிப் பாக்கற? ஒங்கப்பா அத எறக்கி வெச்ச அன்னிக்கே வெச்ச பேரு. கொடத்த ஏன் அதும் மேல வெச்சேன்? வூட்டுக்கு வர்றவன் போறவன் எவனும் தொறந்து பாக்கக் கூடாதுன்னுதான். ரங்கூனுக்குக் கத கேட்ட, எளாவூருக்குக் கத கேட்ட, வாயி ஓயாம கேட்ட. ஒன் குதிருக்கு மட்டும் பேரு இன்னான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

"கேக்கல அத்தே."

"மத்ததெல்லாம் இந்த வூட்லேந்து போனவங்க ஊரு, போய்ட்டு வந்தவங்க ஊரு. இந்த வூட்டுக்குன்னு வந்தவ ஊரு அது ஒண்ணுதான்மே கீது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தைக்கும் உதடு துடித்தது. ஆனால் தையல் ஆறுகிற வரைக்கும் அழவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அவருக்கும் சேர்த்து நானே அழுதேன்.